எத்தனை முறை கழுவினாலும் தீராத கை: எண்ணச் சுழற்சி நோய்க்குக் குழுவாக ஒரு சிகிச்சை

வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை வந்தபின் “கேஸ் அடுப்பை அணைத்தோமா?” என்று ஒரு சந்தேகம் எழும். சிலர் திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள். பலர் “அணைத்திருப்போம்” என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். இதில் நோய் எதுவும் இல்லை. ஆனால், ஒருவர் பன்னிரண்டு முறை திரும்பிப் போகிறார். அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்க்கிறார், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார். பஸ்ஸில் ஏறியபின் அந்தப் படத்தையே நம்ப முடியாமல் இறங்கிவிடுகிறார். மாதத்தில் ஏழெட்டு நாள் ஃபெக்டரி பஸ்ஸைத் தவறவிட்டு, கடைசியில் வேலையையும் இழக்கிறார். இதுதான் எண்ணச் சுழற்சி நோய். ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக ஓசிடி என்பார்கள்.

நம் வீடுகளில் இது வேறு பல பெயர்களில் ஒளிந்திருக்கிறது. “அவளுக்குச் சுத்தம் அதிகம்”, “அவன் சந்தேகப் பிராணி”, “அக்காவுக்குத் தீட்டு பார்க்கிற குணம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நோய் முற்றி, குளியலறைக்குள் போனவர் மூன்று மணி நேரம் வெளியே வராதபோது, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று மந்திரிக்க அழைத்துப் போகிறோம். அதற்கும் அடங்காவிட்டால், “தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்று வாய் கூசாமல் சொல்லிவிடுகிறோம். 1911-இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனையின் பெயர், நம் பேச்சில் இப்படி ஒரு வசைச் சொல்லாக மாறிப்போனதாலேயே எத்தனை பேர் டாக்டரிடம் போகாமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இது அரிதான நோயும் அல்ல. சிங்கப்பூர் மனநலக் கழகம் 2016-இல் நடத்திய நாடளாவிய ஆய்வில், வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நோய்க்கு ஆளானவர்கள் 3.6 விழுக்காடு என்று தெரியவந்தது. அதாவது 28 பேரில் ஒருவர். அதே ஆய்வு சொன்ன இன்னொரு எண்தான் உள்ளபடியே கவலை தருவது. நோய் தொடங்கியதற்கும் சிகிச்சைக்குப் போனதற்கும் இடையில் கழிந்த காலம், நடுவான கணக்கில், 11 ஆண்டுகள். இந்த நோய் பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும். பதினெட்டு வயதில் தொடங்கிய ஒருவர் டாக்டரைப் பார்க்கும்போது அவருக்கு முப்பதை நெருங்கியிருக்கும். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் முடிவாகும் காலம் அது.

நோயின் இரண்டு கைகள்

இந்த நோய்க்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, வேண்டாம் என்றாலும் மனத்துக்குள் நுழைந்து வதைக்கும் எண்ணம். கையில் கிருமி ஒட்டியிருக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, சாமி படத்தைப் பார்க்கும்போது ஒரு கெட்ட எண்ணம் வந்துவிட்டது, கையில் கத்தியோடு இருக்கும்போது பக்கத்தில் விளையாடும் பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்று ஒரு காட்சி. இரண்டாவது, அந்த எண்ணம் தரும் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் செய்கை. கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, வரிசையாக அடுக்குவது, மனத்துக்குள் மந்திரத்தை முதலிலிருந்து திரும்பச் சொல்வது, வீட்டில் இருப்பவர்களிடம் “ஒன்றும் ஆகாதுதானே?” என்று கேட்டுக்கொண்டே இருப்பது. வெளியே தெரியாமல் மனத்துக்குள்ளேயே நடக்கும் செய்கைகளும் உண்டு. அதனால்தான் சிலரைப் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது.

பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்று பயப்படும் தாயைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அவர் அந்த எண்ணத்தை விரும்பவில்லை. அதைக் கண்டு நடுங்குகிறார். கத்திகளை எல்லாம் பூட்டி வைக்கிறார், பிள்ளையைத் தூக்கவே அஞ்சுகிறார், யாரிடமும் சொல்லத் துணிவில்லாமல் தன்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொள்கிறார். இந்த நோயில் வரும் இத்தகைய எண்ணம் அவருடைய ஆசை அல்ல. அவர் எதை மிகவும் நேசிக்கிறாரோ அதையே பிடித்துக்கொண்டு ஆட்டுகிற எண்ணம். பக்தி மிகுந்தவருக்குச் சாமியைப் பற்றிய கெட்ட எண்ணம் வருவதும் இப்படித்தான்.

1978-இல் லண்டனில் ஜாக் ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையைச் சேர்ந்த பத்மல் டி சில்வாவும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். நோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத விபரீத எண்ணங்கள் உங்களுக்கு வருவதுண்டா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வரும் என்றார்கள். எழுதிக் கொடுத்த எண்ணங்களைக் கலந்து வைத்தால், எது நோயாளியுடையது, எது மற்றவருடையது என்று பிரிப்பது நிபுணர்களுக்கே எளிதாக இல்லை. வித்தியாசம் எண்ணத்தில் இல்லை. அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தில் இருக்கிறது. ஒருவர் “என்ன அசட்டு எண்ணம்” என்று அடுத்த வேலையைப் பார்க்கிறார். இன்னொருவர் “இப்படி ஓர் எண்ணம் எனக்கு வந்ததே, நான் எப்படிப்பட்டவன்!” என்று அதோடு மல்லுக்கட்டுகிறார்.

மல்லுக்கட்டினால் என்ன ஆகும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரிந்த கதைதான். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதுவரை நினைவுக்கு வராத குரங்கு, அதன்பின் மருந்துக் குவளையை எடுத்தபோதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. எண்ணத்தைத் துரத்தத் துரத்த அது வேகமாகத் திரும்பி வரும். கை கழுவினால் ஐந்து நிமிடம் நிம்மதி கிடைக்கும். “கழுவினால்தான் நிம்மதி” என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை பத்து முறை கழுவ வேண்டியிருக்கும். கடன் வாங்கி வட்டி கட்டுபவரின் நிலைமை இது. ஒவ்வொரு தவணையும் அடுத்த கடனில்தான் கொண்டுபோய் விடுகிறது.

தண்ணீர்க் குழாயை அடைத்த டாக்டர்

1960-கள் வரை இந்த நோய் தீராத நோய் என்றே பல டாக்டர்கள் கருதினார்கள். பேச்சு வழிச் சிகிச்சைகள் அதிகம் பலிக்கவில்லை. 1966-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இரண்டு பெண்களுக்கு அளித்த சிகிச்சையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஒருவர் ஓயாமல் கழுவுபவர். மேயர் செய்தது கேட்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும். அந்தப் பெண்ணின் அறையில் இருந்த தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டார். தாதியர் உடனிருந்து கவனித்தார்கள். அவர் அஞ்சிய பொருள்களைத் தொட வைத்தார்கள். தொட்டபின் கழுவ விடவில்லை. பதற்றம் ஏறியது. ஆனால், அவர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. கழுவாமலே பதற்றம் மெல்ல இறங்கியது. இரண்டு பெண்களும் தேறினார்கள்.

அந்தக் கட்டுரைக்குப் பின், லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஐசக் மார்க்ஸ், ராக்மன் போன்றவர்களும், அமெரிக்காவில் எட்னா ஃபோவாவும் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார்கள். இன்று குழாயை யாரும் அடைப்பதில்லை. நோயாளியே முடிவு செய்கிறார், சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறார். அடிப்படை மட்டும் மாறவில்லை. அஞ்சுவதை எதிர்கொள்ள வேண்டும். பதற்றம் தணிக்கும் செய்கையைச் செய்யாமல் இருக்க வேண்டும். இதோடு, எண்ணத்துக்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தை ஆராய்ந்து பார்க்கும் பயிற்சியும் சேர்ந்தபோது அது சிந்தனை-நடத்தைச் சிகிச்சை என்று பெயர் பெற்றது. சுருக்கமாக சிபிடி.

இந்தச் சிகிச்சையைத் தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் கொடுப்பதுதான் வழக்கம். அதையே ஆறு முதல் எட்டுப் பேரை ஒன்றாக உட்கார வைத்துக் கொடுத்தால்? அதுதான் குழுச் சிகிச்சை. முதல் காரணம் சாதாரணக் கணக்கு. எட்டுப் பேருக்குத் தனித்தனியாகப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் 96 மணி நேரம் வேண்டும். எட்டுப் பேரையும் ஒரே அறையில் வைத்து, வாரம் இரண்டு மணி நேரமாக 12 வாரம் நடத்தினால் 24 மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு சிகிச்சையாளர்கள் இருந்தாலும் 48 தான். உளவியலாளர்கள் குறைவாகவும் வரிசை நீளமாகவும் உள்ள நாடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது காரணம் கணக்கில் அடங்காதது. “உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இப்படி” என்று பதினொரு வருடம் நினைத்திருந்தவர், தன்னைப் போலவே இன்னும் ஆறு பேரைப் பார்க்கிறார். அவர்கள் சாதாரண மனிதர்களாக, பாசார் மாலாமில் எதிரே வந்தால் அடையாளமே தெரியாதவர்களாக இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை வேறு எந்த மருந்தும் இதைச் செய்வதில்லை.

பன்னிரண்டு வாரம் எப்படி நடக்கிறது?

பிரேசில் நாட்டின் தென்கோடியில் உள்ள போர்ட்டோ அலெக்ரே நகரில், அரிஸ்டிடெஸ் கோர்டியோலி என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்த முறையை ஒழுங்காக வகுத்து நடத்தினார்கள். வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், மொத்தம் 12 சந்திப்புகள். மற்ற நாடுகளின் திட்டங்களும் ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கின்றன. அத்தகைய ஒரு குழுவில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதலில் சிகிச்சையாளர் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்திப்பார். நோயின் கடுமையை அளக்க 1989-இல் வெளிவந்த யேல்-பிரவுன் அளவுகோலைப் பயன்படுத்துவார். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இந்த எண்ணங்களில் போகிறது, அவை வேலையை எவ்வளவு கெடுக்கின்றன, தடுக்க முயன்றால் எவ்வளவு தூரம் முடிகிறது என்பது போன்ற கேள்விகள். 16-க்கு மேல் நடுத்தரம், 24-க்கு மேல் கடுமை என்று கொள்வார்கள். சிகிச்சையின் முடிவில் இதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். முன்னேற்றம் இருக்கிறதா என்பதை வாய்ப் பேச்சில் விடாமல் எண்ணில் பார்க்க முடியும்.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் விளக்கம்தான். நோய் என்றால் என்ன, ஏன் கழுவக் கழுவ அதிகமாகிறது என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அறையில் பேசியது அறையோடு இருக்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். தோட்டத்திலும் சிறு பட்டணத்திலும் வாழும் நமக்கு இந்த விதி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீடு தள்ளி “நூறு ஆயுசு” என்பார்கள்.

அடுத்து, ஒவ்வொருவரும் தம் பயங்களை ஏணிபோல் அடுக்குவார். 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார். கழுவுபவர் ஒருவரின் ஏணி இப்படி இருக்கலாம்: தன் வீட்டுக் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது 30. கடையில் வாங்கிய மிச்சக் காசை எண்ணிவிட்டு அப்படியே இருப்பது 50. செருப்பின் அடியைத் தொடுவது 70. பொதுக் கழிப்பறைக் கதவைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தலையணையைத் தொடுவது 95. ஏணியின் அடிப்படியிலிருந்து ஏறத் தொடங்குவார். முதல் நாளே 95-க்குப் போகும்படி யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் நான்காம் வாரங்களில் அறையிலேயே பயிற்சி நடக்கும். சிகிச்சையாளர் தன் செருப்பைக் கழற்றி, அடிப்பாகத்தை உள்ளங்கையால் தடவி, அந்தக் கையைத் தன் சட்டையில் துடைத்துக் காட்டுவார். “யார் அடுத்து?” என்பார். ஒருவர் தயங்கித் தயங்கித் தொடுவார். பக்கத்தில் இருப்பவர் அவரைப் பார்த்துத் தானும் தொடுவார். தனியாக இருந்தால் நாலு வாரம் தள்ளிப்போட்டிருக்கக்கூடிய ஒன்றை, குழுவில் ஒரே நாளில் செய்துவிடுவார்கள். எல்லாரும் கழுவாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பதற்றம் இப்போது எத்தனை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். 80 என்றவர் 60 என்பார், பிறகு 40 என்பார். சில நாள்களில் அவ்வளவு இறங்காது. அதனாலும் பாதகமில்லை. “பதற்றம் இருந்தும் என்னால் கழுவாமல் உட்கார முடிந்தது” என்பதும் ஒரு பாடம்தான் என்று இன்றைய சிகிச்சையாளர்கள் சொல்கிறார்கள்.

ஆனால், சிகிச்சையின் உயிர் அந்த இரண்டு மணி நேரத்தில் இல்லை. மீதி ஆறரை நாளில் வீட்டில் செய்யும் பயிற்சியில் இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பும் “போன வாரம் என்ன செய்தீர்கள்?” என்று தொடங்கும். செய்யாமல் வந்தவரை யாரும் திட்டுவதில்லை. ஆனால், எதிரே இருப்பவர் செய்துவிட்டு வந்ததைக் கேட்கும்போது அடுத்த வாரம் வெறுங்கையோடு வரக் கூசும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்தது இப்படித்தானே.

பாதி வழியில் சிந்தனைப் பயிற்சி சேரும். “நான் கதவைச் சரியாகப் பூட்டாததால் திருடன் நுழைந்து, அம்மாவை அடித்து, அவர் இறந்துபோனால் அதற்கு நான்தான் முழுப் பொறுப்பு” என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் ஒரு வட்டம் வரைவார்கள். திருடனின் பங்கு எவ்வளவு? பூட்டின் தரத்துக்கு எவ்வளவு? தாமான் காவலருக்கு எவ்வளவு? அடுத்த வீட்டாருக்கு எவ்வளவு? எல்லாருக்கும் பங்கு போட்டபின் அவருக்கு மிஞ்சுவது மெல்லிய ஒரு கீற்று. மிகையான பொறுப்புணர்ச்சிதான் இந்த நோயைக் கட்டிக்காக்கிறது என்ற கருத்தை 1985-இல் பால் சல்கோவ்ஸ்கிஸ் என்ற ஆங்கிலேய உளவியலாளர் முன்வைத்தார். குழுவில் இதைச் செய்யும்போது ஒரு வேடிக்கை நடக்கும். கதவைப் பற்றிப் பயப்படுபவருக்கு, கழுவுபவரின் பயம் அர்த்தமற்றது என்று உடனே தெரிகிறது. கழுவுபவருக்குக் கதவுப் பயம் அர்த்தமற்றதாகத் தெரிகிறது. அடுத்தவர் கண்ணில் பட்டதைச் சொல்லிச் சொல்லியே தன் கண்ணில் இருப்பதும் தெரியத் தொடங்கும்.

கடைசி இரண்டு சந்திப்புகள், நோய் திரும்ப எட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்பதற்கு. பிரசவம், வேலை மாற்றம், வீட்டில் ஒரு சாவு போன்ற காலங்களில் பழைய எண்ணம் திரும்பலாம். அப்போது பயந்து போகாமல் ஏணியை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

மருந்து தெளிக்கும் பெண் கை கழுவக் கூடாதா?

தோட்டத்து வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் பெண், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் ஆக வேண்டும், உடை மாற்றித்தான் ஆக வேண்டும். அதைச் செய்யாதே என்று எந்தச் சிகிச்சையாளரும் சொல்லமாட்டார். ஆபத்தான எதையும் செய்யச் சொல்வது இந்தச் சிகிச்சையில் இல்லை. ஒருமுறை ஒழுங்காகக் கழுவிவிட்டு அதோடு நிறுத்துவதுதான் பயிற்சி. ஒருமுறை கழுவியது போதாமல் தோல் வெடித்து ரத்தம் வரும்வரை கழுவுவது பாதுகாப்பும் அல்ல.

சமயமும் அப்படித்தான். பூசை அறைக்குச் செருப்போடு போகச் சொல்வார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இல்லை. தேவாரம் பாடும்போது கெட்ட எண்ணம் வந்துவிட்டது என்று இருபது முறை முதலிலிருந்து தொடங்குபவரை, ஒருமுறை பாடி முடித்து எழுந்து வரச் சொல்வார்கள். அந்த வீட்டின் மற்றப் பக்தர்கள் எப்படிக் கும்பிடுகிறார்களோ அதுதான் அளவு. சந்தேகம் இருந்தால் கோயில் குருக்களிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். ஒருமுறைதான்! தினமும் போய்க் கேட்டால் அதுவும் நோயின் வேலையாகிவிடும்.

பலன் உண்டா?

உண்டு. கோர்டியோலி குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 47 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். 12 வாரக் குழுச் சிகிச்சை பெற்றவர்களில் 69.6 விழுக்காட்டினர் முன்னேறினார்கள். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் முன்னேறியவர்கள் 4.2 விழுக்காடு. 2006-இல் அதே நகரில் 56 பேரை வைத்துக் குழுச் சிகிச்சையையும் செர்ட்ராலின் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். குழுவில் நோயின் கடுமை சராசரியாக 44 விழுக்காடும், மாத்திரையில் 28 விழுக்காடும் குறைந்தது. மாத்திரையை அவர்கள் தந்த அளவு நாள் ஒன்றுக்கு 100 மில்லிகிராம். இந்த நோய்க்கு அதைவிடக் கூடுதல் அளவும் கொடுப்பதுண்டு. ஆகையால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு மாத்திரை வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தனியாகப் பெறுவதைவிடக் குழுவில் பெறுவது மட்டமா? அமெரிக்காவில் 1993-இல் 93 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், தனிச் சிகிச்சை பெற்றவர்கள் சற்று வேகமாகத் தேறினார்கள். ஆனால், முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் டென்மார்க்கிலும் நடந்த ஒப்பீடுகளும் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் இன்னொரு பாதை. அங்கே குழு சிறியது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிகிச்சையாளர் வீதம் சேர்ந்து நான்கே நாளில் சிகிச்சையை முடிக்கிறார்கள். எல்லா நாட்டாலும் அத்தனை ஆள்களை ஒதுக்க முடியாது.

எல்லாருக்கும் பலிக்கும் என்று சொன்னால் அது பொய். சிலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சிலருக்கு ஓரளவுதான் குறைகிறது, சிலருக்குப் பின்னாளில் திரும்புகிறது. போர்ட்டோ அலெக்ரேயில் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அறிகுறிகள் முழுதும் நீங்கும்வரை பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. பாதி குறைந்ததும் “இது போதும்” என்று விட்டவர்களுக்குத்தான் சிக்கல்.

குழு ஒத்துவராதவர்களும் உண்டு. கடுமையான மனச்சோர்வில் இருப்பவர், சாக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர், போதைப் பழக்கத்தில் சிக்கியவர் ஆகியோருக்கு முதலில் வேறு உதவி வேண்டும். பாலியல் தொடர்பான எண்ணங்களால் துன்பப்படுபவர் பத்துப் பேர் முன்னால் வாய் திறக்க மாட்டார். அவர் தனியாகத் தொடங்குவதே நல்லது. மருந்தைப் பொறுத்தவரை, ஃபுளுவொக்ஸமின், ஃபுளுவொக்செட்டின், செர்ட்ராலின், குளோமிப்ரமின் ஆகியவை பயன்படுகின்றன. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். மருந்தும் பயிற்சியும் சேர்ந்து போகலாம். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

வீட்டார் செய்யும் தவறு

அன்பினால் செய்வதுதான், ஆனாலும் தவறு. “அம்மா, அடுப்பை அணைச்சிட்டேனா?” என்று மகன் கேட்கிறான். “அணைச்சிட்டப்பா” என்கிறார் அம்மா. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கிறான். நாற்பதாவது முறை அம்மா கத்துகிறார். பிறகு மனசு கேட்காமல் தானே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். மருமகள் வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே உடை மாற்ற வேண்டும் என்று மாமியார் கேட்கிறார். சண்டை வேண்டாம் என்று மருமகள் மாற்றிக்கொள்கிறார். நாளடைவில் வீடு முழுவதும் நோய் சொன்னபடி நடக்கத் தொடங்கும். ஒவ்வொரு ஆறுதலும் அந்த மகனுக்கு இன்னொரு கை கழுவலாகிறது. கத்துவதும் உதவாது. பதற்றத்தைத்தான் கூட்டும்.

அதனால்தான் பல குழுக்களில் குடும்பத்தாரையும் ஒரு சந்திப்புக்காவது அழைக்கிறார்கள். அமெரிக்காவில் பார்பரா வேன் நொப்பன் என்பவர் 1990-களில், நோயாளிகளும் குடும்பத்தாரும் சேர்ந்தே வரும் குழுக்களை நடத்தினார். அங்கே முக்கிய வேலை ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வது. மகனும் அம்மாவும் சிகிச்சையாளர் முன்னிலையில் பேசி முடிவு செய்வார்கள். இந்த வாரம் முதல் அடுப்பைப் பற்றி ஒருமுறைதான் பதில். இரண்டாம் முறை கேட்டால், “உனக்குப் பதற்றமா இருக்குன்னு தெரியுதுப்பா. பதில் சொல்ல மாட்டேன்னு நாம பேசி வச்சோம்ல, வா, கொஞ்ச நேரம் என்கூட உட்காரு” என்று அம்மா சொல்வார். மகனுக்குத் தெரியாமல், ஒரே நாளில், கோபத்தில் நிறுத்துவது வேறு. அவன் சம்மதத்தோடு படிப்படியாக நிறுத்துவது வேறு. முன்னது சண்டையில் முடியும்.

எங்கே போவது?

மலேசியாவில் முதல் படி பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்தான். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கே டாக்டரிடம் சொல்லி, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். மருத்துவமனைகளோடு இணைந்த மெந்தாரி சமூக மனநல நிலையங்களும் பல ஊர்களில் உள்ளன. பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம், அல்லது மனநலக் கழகத்தை நேரடியாக நாடலாம்.

குழுச் சிகிச்சை எல்லா இடத்திலும் எப்போதும் நடந்துகொண்டிருக்காது. ஆகவே கேட்டுத்தான் பெற வேண்டும். “ஓசிடிக்கு சிபிடி சிகிச்சை இங்கே உண்டா? குழுவாக நடத்துகிறீர்களா? அடுத்தது எப்போது தொடங்கும்? பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி அதில் இருக்கிறதா?” என்று நான்கு கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். வெறுமனே பேசிக் கலையும் கூட்டத்தால் இந்த நோய்க்குப் பெரிய பலன் இல்லை.

தமிழிலேயே ஒரு குழு கிடைப்பது எளிதல்ல. மலாயில் சொல்ல வேண்டி வந்தால், “வாஸ்-வாஸ்” என்ற ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓயாத சந்தேகத்தைக் குறிக்க மலாய்க்காரர்கள் பயன்படுத்தும் அரபு வழிச் சொல் அது. நம் தமிழ் முஸ்லிம்களுக்கும் தெரிந்த சொல். ஒளுவை மறுபடி மறுபடி செய்பவர்களைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்வார்கள். அந்தச் சொல்லோடு, “பெருலாங்-உலாங்”, அதாவது திரும்பத் திரும்ப என்றும் சேர்த்துச் சொன்னால் எந்த மலேசிய டாக்டருக்கும் விஷயம் புரிந்துவிடும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போகிறது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் அது டாக்டருக்கு ஒரு முக்கியக் குறிப்பு.

சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555.  உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்னால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அப்போதே அழைத்துப் போங்கள். அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள்.